யார் கையில் குச்சி?

தோட்டத்துப் பெரட்டுக் களம் எப்படி இயங்கும் என்று இலங்கையின் மலையகத்தில் பிறந்த யாருக்கும் சொல்லித்தரத் தேவையில்லை. கணக்கப்பிள்ளையோ கங்காணியோ ஒரு பக்கம், மற்ற எல்லோரும் எதிர்ப்பக்கம். பேர் வாசிக்கப்படும், இன்றைக்கு எந்த மலை என்று சொல்லப்படும், ஆட்கள் கலைந்து போவார்கள். பாடசாலையிலும் இதே அமைப்புத்தான். மே தின மேடையும் அப்படித்தான். ஒலிபெருக்கி மட்டும் கூடுதல். ஒருவர் சொல்ல நூறு பேர் கேட்பதே கூட்டம் என்று தலைமுறை தலைமுறையாகப் பழகிப்போன இடம் இது.

இந்த இடத்தில்தான், "அடுத்த ஞாயித்துக்கெழம செயலமர்வ நீதான் நடத்தணும்" என்ற பொறுப்பு இன்று பல இளைஞர்களின் தலையில் விழுகிறது. உயர்தரம் முடித்துவிட்டுத் தொண்டு நிறுவனமொன்றில் சேர்ந்தவர், தோட்டத்துக் குழந்தைப் பராமரிப்பு நிலையமான பிள்ளை மடுவத்தின் சிறுவர் அபிவிருத்தி உத்தியோகத்தர், தொழிற்சங்க மாதர் பிரிவுக்குப் புதிதாகத் தெரிவானவர், முன்பள்ளி ஆசிரியை எனப் பலவகைப்பட்டவர்கள். 2018ஆம் ஆண்டு உள்ளூராட்சித் தேர்தலில் பெண்களுக்கு 25 சதவீத ஒதுக்கீடு முதன்முறையாக நடைமுறைக்கு வந்தபோது, நோர்வூட், மஸ்கெலியா, கொட்டகலை, அக்கரப்பத்தனை என்று நுவரெலியா மாவட்டத்தில் புதிதாக உருவான பிரதேச சபைகளுக்குள் பெண்களும் போனார்கள். வட்டாரத்து மக்களைக் கூட்டிப் பேசவைப்பது அவர்கள் வேலையின் பாதி. அதற்கான பயிற்சி கிடைத்தவர்கள் குறைவு.

கண்டியிலோ ஹட்டனிலோ இரண்டு மூன்று நாள் 'பயிற்றுநர்களுக்கான பயிற்சி' கிடைத்தால் அதிர்ஷ்டம். அதற்கடுத்த வாரமே முப்பது பெண்களுக்கு முன்னால் நிற்க வேண்டியிருக்கும். அப்போது கைகொடுப்பது பயிற்சியில் கேட்டது அல்ல, பிறந்ததிலிருந்து பார்த்துவந்த ஒரே மாதிரிதான்: முன்னால் நின்று பேசுவது. தோட்டங்களில் நடக்கும் செயலமர்வுகளில் பல விரிவுரைகளாகவே முடிவதற்குச் சோம்பலோ திறமைக்குறைவோ காரணமில்லை. வேறு மாதிரியை அந்த இளைஞர் கண்ணால் கண்டதே இல்லை.

சம்பளச் சீட்டை எடுத்துக்கொள்வோம். ஊழியர் சேமலாப நிதி பற்றிப் பெண் தொழிலாளர்களுக்கு விளக்க வேண்டும் என்பது மலையகத்தில் அடிக்கடி நடக்கும் ஒரு செயலமர்வு. வழக்கமான வடிவம் எல்லோருக்கும் தெரிந்தது. சுவரில் பெரிய தாள். 1958ஆம் ஆண்டின் சட்டம், தொழிலாளி 8 சதவீதம், தொழில் வழங்குநர் 12 சதவீதம், அதற்குமேல் ஊழியர் நம்பிக்கை நிதிக்குத் தொழில் வழங்குநர் தனியாக 3 சதவீதம் என்று வரிசையாக எழுதப்படும். "வெளங்குச்சா?" என்று கேட்டால் எல்லோரும் தலையாட்டுவார்கள். தேத்தண்ணியும் மாலு பணிஸும் வரும். கூட்டம் முடிந்தது. வீட்டுக்குப் போகும் வழியில் 12 யாருடையது 8 யாருடையது என்று கேட்டால் சொல்ல ஆளிருக்காது.

இதையே வேறுவிதமாகச் செய்யலாம். முந்திய வாரமே, "போன ரெண்டு மாசத்துச் சம்பளச் சீட்ட எடுத்துக்கிட்டு வாங்க" என்று சொல்லிவிடுவது. வந்ததும் இரண்டிரண்டு பேராக உட்காரவைத்து ஒரே ஒரு வேலை கொடுப்பது: சீட்டில் உங்களுக்கு விளங்காத ஒரு வரியைக் கண்டுபிடித்து அடிக்கோடு போடுங்கள். வாசிக்கத் தெரியாத அம்மாவுக்குப் பக்கத்தில் பத்தாம் வகுப்பு படித்த மருமகள் இருக்கட்டும். ஐந்து நிமிடத்தில் அறை சலசலக்கத் தொடங்கிவிடும். தீபாவளி முற்பணம், சந்தா, தேயிலைத் தூள், கோயில் கணக்கு என்று தோட்டத்துக்குத் தோட்டம் மாறும் கழிவுகள் ஒவ்வொன்றாக வெளியே வரும். ஒருத்தி சீட்டில் இருப்பது இன்னொருத்தி சீட்டில் இருக்காது. ஏன் இல்லை என்று அவர்களே கேட்டுக்கொள்வார்கள்.

அதன்பிறகு கணக்குப் போடலாம். 2024 செப்டம்பரில் வர்த்தமானியில் வந்த அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாய். அந்தக் கணக்கில் இருபது நாள் வேலைக்குப் பேர் விழுந்தால் 27,000. அதில் 8 சதவீதம், 2,160 ரூபாய், சீட்டில் கழிந்திருக்க வேண்டும். கம்பனி போட வேண்டிய 12 சதவீதம் 3,240 ரூபாய். இரண்டும் சேர்ந்து 5,400 ரூபாய், ஒரு மாதத்துக்கு அவள் பேரில் சேர வேண்டிய தொகை. இந்தத் தொகையைச் செயலமர்வை நடத்துபவர் சொல்லக் கூடாது. அந்தப் பெண்களில் ஒருத்தி கூட்டிச் சொல்ல வேண்டும். சொன்ன மறுகணம், "அப்பிடின்னா இருபது வருசத்துக்கு எவ்வளவு?" என்ற கேள்வி இன்னொரு மூலையிலிருந்து வரும். நடத்துபவர் வாய் திறக்காமலே சட்டம் உள்ளே போய்விட்டது.

இரண்டு கூட்டங்களிலும் கொடுக்கப்பட்ட செய்தி ஒன்றே. நேரமும் ஏறக்குறைய ஒன்றுதான். வேலையை யார் செய்தார்கள் என்பதில் மட்டும் வேறுபாடு.

இந்த வித்தை இலங்கைக்குப் புதிதும் அல்ல. 1978இல் கிராம அபிவிருத்தி அமைச்சின் கீழ், ஐக்கிய நாடுகள் அபிவிருத்தித் திட்டத்தின் ஆதரவோடு, ஒரு பரிசோதனை தொடங்கியது. இளைஞர்கள் சிலர் கிராமங்களுக்கு அனுப்பப்பட்டார்கள். கையில் திட்டமில்லை, பணமில்லை, மானியமில்லை. மக்களோடு இருந்து, அவர்கள் தங்கள் நிலைமையைத் தாங்களே ஆராய உதவுவதுதான் வேலை. அந்த அனுபவத்திலிருந்து 1980இல் பங்கேற்பு அபிவிருத்தி மாற்றுவழிகளுக்கான நிறுவனம் பிறந்தது; ஆங்கிலச் சுருக்கத்தில் 'பீடா' என்பார்கள். அதோடு நெருங்கியிருந்த பொருளியலாளர் எஸ். திலகரத்ன, வெற்றிலைச் செய்கையாளர்களும் கயிறு திரிக்கும் பெண்களும் எப்படி அமைப்பானார்கள் என்று சர்வதேசத் தொழில் ஸ்தாபனத்துக்காக எழுதினார். அங்கும் தொடக்கம் கணக்குத்தான். தேங்காய் மட்டை என்ன விலை, கயிறு என்ன விலைக்குப் போகிறது, இடையில் காசு எங்கே நிற்கிறது என்று திரிப்பவர்களே உட்கார்ந்து கணக்கிட்டார்கள். ஊக்குநர் என்று அழைக்கப்பட்ட வெளியாளின் பங்கு, கேள்வி கேட்பது. பிறகு மெல்ல மெல்லத் தன்னைத் தேவையில்லாதவராக ஆக்கிக்கொள்வது. இந்தக் கடைசிப் பகுதிதான் கடினம். தன் வேலை போகும்படி வேலை செய்ய யாருக்குத்தான் மனம் வரும்?

மலையகத்தையே எடுத்தால், 1972இல் அருட்தந்தை போல் கஸ்பர்ஸ் கண்டியில் தொடங்கிய சத்தியோதயத்தைச் சொல்லாமல் இருக்க முடியாது. சிங்கள, தமிழ் இளைஞர்கள் ஒரே கூரையின் கீழ் வாழ்ந்து, தோட்டத்துக்கும் கிராமத்துக்கும் சேர்ந்து போன நிலையம் அது. அதற்கும் முன்னால் போனால் கோ. நடேசய்யரும் அவருடைய துணைவி மீனாட்சி அம்மாளும் நிற்கிறார்கள். வெளியார் தோட்டத்துக்குள் நுழைவதே குற்றமாக இருந்த காலத்தில் துணி வியாபாரி வேடத்தில் உள்ளே போனவர் நடேசய்யர். 1931இல் ஹட்டனைத் தளமாகக் கொண்டு தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தைத் தொடங்கியவர். மீனாட்சி அம்மாள் அரசியலைப் பாட்டாக்கினார். சனங்களுக்கு ஏற்கெனவே பழகிய மெட்டுகளில் தொழிலாளர் நிலைமையைச் சொல்லும் பாடல்களை இயற்றிக் கூட்டங்களில் பாடினார், அச்சிட்டும் பரப்பினார். மேடைப் பேச்சு காதோடு நிற்கும் என்பதும், தெரிந்த மெட்டில் வரும் பாட்டைக் கூட்டமே சேர்ந்து பாடும் என்பதும் அவருக்கு எந்தக் கையேடும் இல்லாமலே தெரிந்திருந்தது. இன்று செயலமர்வுகளில் உற்சாகமூட்டவென்று எங்கிருந்தோ இறக்குமதியாகும் கைதட்டல் விளையாட்டுகளைப் பார்க்கும்போது, தப்பும் கும்மியும் காமன்கூத்தும் உள்ள ஊரில் இது எதற்கு என்று கேட்கத் தோன்றுகிறது.

உலக அளவில், மக்களையே பேசவைக்கும் இந்தத் துறைக்கு இரண்டு பெயர்கள் முக்கியம். பிரேசிலின் பாவ்லோ ஃப்ரெய்ரே 1963இல் அங்கிகோஸ் என்ற வறண்ட ஊரில் சுமார் முந்நூறு தொழிலாளர்களுக்கு ஏறத்தாழ நாற்பது மணி நேரத்தில் எழுதப் படிக்கக் கற்பித்தார். வகுப்பறைக்குப் பதில் வட்டம். ஆசிரியருக்குப் பதில் ஒருங்கிணைப்பாளர். பாடநூலுக்குப் பதில் அவர்கள் அன்றாடம் புழங்கும் சொற்கள். புதுக்கோட்டையில் 1990களின் தொடக்கத்தில் நடந்த அறிவொளி எழுத்தறிவு இயக்கத்திலும் இந்தச் சிந்தனையின் சாயல் உண்டு. அங்கே தொண்டர்களாகச் சேர்ந்தவர்களில் பலர் அதுவரை எந்தக் கூட்டத்திலும் வாய் திறக்காதவர்கள். படிப்போடு பெண்கள் சைக்கிளும் கற்றுக்கொண்டது தமிழ்நாட்டுக்கே தெரிந்த கதை.

இரண்டாமவர் பிரித்தானியரான ராபர்ட் சேம்பர்ஸ். 1980களின் இறுதியில் கர்நாடகத்திலும் குஜராத்திலும் இயங்கிய தொண்டு நிறுவனங்களின் களவேலையிலிருந்து உருவான பங்கேற்பு முறைகளை உலகமெங்கும் பரப்பியவர். கிராமத்தார் மண்ணில் தங்கள் ஊர்ப் படத்தை வரைவார்கள். எது முக்கியப் பிரச்சினை என்று கூழாங்கல்லும் விதையும் வைத்து மதிப்பிடுவார்கள். வெளியிலிருந்து வந்தவர் செய்ய வேண்டியது ஒன்றே: கையிலுள்ள குச்சியை ஊர்க்காரரிடம் கொடுத்துவிட்டு நகர்ந்து நிற்பது. இதையே அவர் தன் முறையின் சுருக்கமாகத் திரும்பத் திரும்பச் சொல்லிவந்தார். கங்காணியின் கைத்தடியை நினைவில் வைத்திருக்கும் ஊரில் இதற்கு விளக்கவுரை வேண்டாம். 2002இல் வெளிவந்த அவருடைய பங்கேற்புச் செயலமர்வுகள் பற்றிய நூல் இருபத்தொன்று இருபத்தொன்றாகக் குறிப்புகள் தரும் ஒரு கைநூல். அதில் தான் செய்யும் தவறுகளுக்கு ஓர் அத்தியாயம் ஒதுக்கியிருக்கிறார். நாற்காலிகளை எப்படியெல்லாம் போடலாம் என்பதற்கு இன்னொன்று.

நாற்காலிக்கு ஒரு முழு அத்தியாயமா என்று சிரிக்கலாம். தோட்டத்துக்கு வந்து பார்த்தால் சிரிப்பு வராது. கோயில் மண்டபத்திலோ வாசிகசாலையிலோ பிள்ளை மடுவத்திலோ பிளாஸ்டிக் நாற்காலிகள் வரிசையாகப் போடப்பட்டிருக்கும். முன்வரிசையில் துணிவிரித்த நான்கு. அவை யாருக்கு என்று எல்லோருக்கும் தெரியும். தோட்டத் தலைவர்கள் அதில் அமர்வார்கள். கொழுந்தெடுக்கும் பெண்கள் பின்சுவரோடு ஒட்டிக்கொள்வார்கள், பாதிப் பேர் இஸ்தோப்பிலேயே நிற்பார்கள். மங்கள விளக்கு, வரவேற்புரை, தலைமையுரை, பொன்னாடை என்று ஒரு மணி நேரம் போகும். இதற்குப் பிறகு "எல்லாரும் மனம்விட்டுப் பேசுங்க" என்று எவ்வளவு அன்பாகக் கேட்டாலும் பின்சுவரிலிருந்து ஒரு குரலும் வராது. பேசக்கூடியவர் யார் என்று அந்த அறை ஏற்கெனவே முடிவு செய்துவிட்டது.

ஆகவே பழகியவர்கள் அரை மணி முன்னதாகப் போய்விடுவார்கள். நாற்காலிகளை ஓரம் கட்டிப் பாய் விரிப்பார்கள், அல்லது எல்லா நாற்காலிகளையும் ஒரே வட்டமாகப் போடுவார்கள். முதியவர்களுக்கும் முழங்கால் வலிக்காரர்களுக்கும் மட்டும் நாற்காலி, அதுவும் வட்டத்துக்குள்ளேயே. நடத்துபவரும் உட்கார்ந்துகொள்வார். நடத்துபவர் நின்றால் மற்றவர்கள் பேச்சைக் குறைத்துக்கொள்கிறார்கள். இது எந்த ஊருக்கும் பொது.

தலைவரை என்ன செய்வது? புதியவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இதுதான். தலைவர் இல்லாமல் கூட்டம் போட்டால் அடுத்த கூட்டம் நடக்காது. தலைவர் முதலில் பேசினால், "தலைவர் சொன்னா சரிதாங்க, நமக்கு என்னா தெரியும்" என்று மற்றவர்கள் முடித்துக்கொள்வார்கள். ஒரு தோட்டத்தில் இரண்டு மூன்று சங்கங்கள் இருந்தால் சிக்கல் இரட்டிப்பு. கைகண்ட வழி, முதல் நாளே அவர் வீட்டுக்குப் போய்விடுவது. என்ன நடக்கப்போகிறது என்று சொல்லி, "ஐயா, மொதல்ல சனங்க பேசட்டும், கடைசியா நீங்க கேட்டதச் சேத்துச் சொல்லுங்க" என்று ஒரு வேலையையும் கொடுத்துவிடுவது. கடைசியில் பேசுவது மரியாதைக்குரிய இடம் என்பதால் பெரும்பாலானோர் ஒத்துக்கொள்வார்கள். கேட்டதைத் தொகுக்க வேண்டுமென்றால் கேட்டுத்தான் ஆகவேண்டும்.

பெரிய வட்டத்தில் நேரடியாகக் கேள்வி போடுவதும் ஆபத்துத்தான். இருவர் இருவராகப் பேசவிட்டு, பிறகு நால்வராகச் சேர்த்து, அதன் பிறகே முழுக் கூட்டத்துக்கு வந்தால், வாய் திறக்காத பெண்ணின் கருத்தும் வேறொருத்தி வாயிலாகவாவது வந்துசேரும். மேட்டு லயத்தையும் பணிய லயத்தையும் கலந்து குழு பிரிப்பதா, தனித்தனியாக விடுவதா என்பது ஊரறிந்தவர் முடிவுசெய்ய வேண்டியது. லயம் என்ற வரிசை வீடுகளுக்கிடையே சாதியும் சங்கமும் பழைய மனத்தாங்கல்களும் ஓடிக்கொண்டிருக்கும். கையேட்டை நம்பி, "ஒன்று, இரண்டு, மூன்று" என்று எண்ணிப் பிரித்துவிட்டு, ஒரு குழு ஏன் அரை மணி நேரமாகத் தரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறது என்று விழிக்கக் கூடாது.

கேள்வி கேட்ட பிறகு காத்திருப்பது தனிக் கலை. அமெரிக்கக் கல்வியாளர் மேரி பட் ரோ 1970களில் வகுப்பறைகளைப் பதிவுசெய்து ஆராய்ந்தார். ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரு விநாடிதான் பொறுக்கிறார்கள். உடனே தாங்களே பதில் சொல்கிறார்கள் அல்லது அடுத்தவரைக் கேட்கிறார்கள். அந்த ஒரு விநாடியை மூன்றாக நீட்டியதும் பதில்கள் நீண்டன, பேசாத பிள்ளைகள் பேசத் தொடங்கினார்கள். மூன்று விநாடி என்பது எழுத்தில் சின்னது. முப்பது பேர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கும் புதியவருக்கு அது ஒரு யுகம். மனதுக்குள் பத்து வரை எண்ணச் சொல்லிக்கொடுக்கும் பயிற்சியாளர்கள் இருக்கிறார்கள். அது வேலை செய்கிறது.

"தெரிஞ்சதா?", "சரிதானே?" போன்ற கேள்விகளை அடியோடு விட்டுவிடலாம். ஆமாம் என்பதைத் தவிர வேறு பதில் அவற்றுக்குக் கிடையாது. "போன கிழமை தண்ணி எத்தன மணிக்கு வந்துச்சு, யாரு பிடிச்சது?" என்று கேட்டால் பதில் சொல்லாமல் இருக்க முடியாது.

விடை தெரியாத கேள்வி வந்தால் என்ன செய்வது என்ற பயம் புதியவர்களைத் தூங்கவிடுவதில்லை. வளவாளர் என்றாலே எல்லாம் தெரிந்தவர் என்ற எண்ணத்தின் விளைவு அது. "எனக்குத் தெரியலக்கா, இத யாருக்கிட்ட கேக்கலாம்?" என்று திருப்பிக் கேட்பதில் ஒரு குறையும் இல்லை. தொழில் திணைக்கள அலுவலகத்தில் கேட்க வேண்டியது என்று கூட்டத்திலேயே யாராவது சொல்வார்கள். சுவரில் ஒரு தனித் தாளை ஒட்டி, இப்போது தீர்க்க முடியாதவற்றை அதில் எழுதிவைத்தால் பேச்சும் தடம் மாறாது, கேட்டவருக்கும் மதிப்புக் குறையாது.

தன்னை எப்படி அழைக்கிறார்கள் என்பதும் கவனிக்க வேண்டியது. கொழும்பிலிருந்தோ கண்டியிலிருந்தோ வந்தவர் என்றால் உடனே 'மிஸ்' ஆகிவிடுவார். எழுந்து நின்று பதில் சொல்வார்கள். அதே தோட்டத்தில் பிறந்தவர் என்றால் 'பாப்பா'தான். பின்னதற்கு அனுகூலம் அதிகம். சங்கடமும் உண்டு: நேற்றுவரை தூக்கி வளர்த்த பிள்ளை இன்று வட்டத்தில் உட்கார்ந்து நேரம் பார்க்கிறதே என்று பெரியவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். 'மிஸ்' இருக்கும் அறையில் அந்தச் சிரிப்பு இருக்காது.

நேரம் பற்றிப் பேசாமல் தோட்டத்துச் செயலமர்வு பற்றிப் பேச முடியாது. வேலை நாளில் கூட்டம் வைத்தால் வருகிறவர் ஒரு நாள் சம்பளத்தை இழக்கிறார். ஞாயிற்றுக்கிழமை வைத்தால் துணி துவைப்பதும் விறகும் டவுனில் சாமான் வாங்குவதும் கெடுகின்றன. சம்பள நாளை அடுத்த ஞாயிறு கூட்டம் வைத்தால் ஹட்டன் கடைத்தெருவில்தான் வைக்க வேண்டும். மாசியில் காமன்கூத்து, தொடர்ந்து மாரியம்மன் திருவிழாக்கள். மே முடிவில் தென்மேல் பருவமழை வந்துவிட்டால் மஸ்கெலியா, நோர்வூட் பக்கம் தகரக் கூரையில் விழும் மழைச் சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் பேசுவதே கேட்காது. நாட்காட்டியை முதலில் பெண்களிடம் கொடுத்து நாளைக் குறிக்கச் சொல்வதே முதல் பங்கேற்பு. காலை 9 முதல் மாலை 4 வரை என்று நகரத்தில் போட்ட நிகழ்ச்சி நிரல் இங்கே மூன்று ஞாயிறுகளின் இரண்டிரண்டு மணி நேரமாகப் பிரிந்தால்தான் உயிர்வாழும்.

எல்லோரையும் சமமாக உட்காரவைத்துப் பேசவைக்கும் வகையில், கெயார் என்ற தொண்டு நிறுவனம் தோட்டங்களில் உருவாக்கிய சமூக அபிவிருத்தி மன்றங்கள் ஒரு துணிச்சலான முயற்சி. தொழிலாளர், இளைஞர், தொழிற்சங்கத்தார், நிர்வாகத்தினர் எல்லோரையும் ஒரே மேசையைச் சுற்றி உட்காரவைத்தன அவை. சின்னப் பாராளுமன்றம் என்றே சொல்லப்பட்டன. தோட்ட நிர்வாகியான துரையும் கொழுந்தெடுப்பவரும் எதிரெதிரே உட்கார்ந்து தண்ணீர்க் குழாய் பற்றியும் கழிவறை பற்றியும் பேசுவதைப் பழைய பெரட்டுக் களத்தில் நினைத்துப் பார்க்க முடியாது. இப்படிப்பட்ட கூட்டத்தை நடத்துபவருக்குத் தைரியத்தோடு நிதானமும் வேண்டும். துரைக்கு முதல் வாய்ப்புக் கொடுத்துப் பழகிய நாக்கு அவ்வளவு சீக்கிரம் அடங்காது. கூட்டத்தில் சிங்கள மொழி பேசும் கிராம உத்தியோகத்தரோ மருத்துவ மாதுவோ இருந்தால் மொழிபெயர்ப்புக்கு நேரம் ஒதுக்க வேண்டும். "பிறகு சுருக்கமாகச் சொல்கிறோம்" என்று தள்ளினால் அந்தப் பாதிக் கூட்டம் கைத்தொலைபேசியில் மூழ்கிவிடும்.

இவ்வளவும் சொன்ன பிறகு ஒன்றை மறைக்கக் கூடாது. செயலமர்வால் ஆகாதவை நிறைய உண்டு. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை பதுளை மாவட்டம் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. அந்த இடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் ஆண்டுகளுக்கு முன்பே எச்சரித்திருந்தது. எச்சரிக்கை சொல்லப்பட்டதா, விளக்கப்பட்டதா, மாற்றுக் காணி யார் தருவது என்ற விவாதம் பிறகு நெடுநாள் நடந்தது. காணி இல்லாதவரை வட்டமாக உட்காரவைத்து எவ்வளவு அழகாகக் கேள்வி கேட்டாலும் காணி வராது. அந்த முடிவு வேறு எங்கோ இருக்கிறது. கூட்டத்தில் தீர்க்கக்கூடியது எது, மேலே கொண்டுபோக வேண்டியது எது என்று தொடக்கத்திலேயே சொல்லாத செயலமர்வு, நம்பிக்கையைக் கூட்டிவிட்டுப் பிறகு கெடுக்கிறது. இரண்டு தடவை அப்படி ஏமாந்த தோட்டத்தில் மூன்றாம் முறை யாரும் வரமாட்டார்கள்.

அதே மண்சரிவு விஷயத்தில் செயலமர்வு செய்யக்கூடிய வேலையும் இருக்கிறது. 24 மணி நேர மழை 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் அவதானம், 100ஐத் தாண்டினால் எச்சரிக்கை, 150ஐத் தாண்டினால் வெளியேற்றம் என்று மேற்படி நிறுவனம் படிநிலைகள் வைத்திருக்கிறது. இதைச் சுவரொட்டியாக ஒட்டலாம்; ஒட்டியும் இருக்கிறார்கள். ஆனால் நடுராத்திரி 150ஐத் தாண்டும்போது யார் மழைமானியைப் பார்ப்பது? படுத்த படுக்கையாக இருக்கும் தாத்தாவை யார் தூக்குவது? பாடசாலைச் சாவி யாரிடம்? இதற்கெல்லாம் சுவரொட்டியில் பதில் இல்லை. தரையில் சுண்ணாம்புக் கட்டியால் லயத்தின் படத்தைப் பெண்களே வரைந்து, ஊற்று புதிதாகக் கசியும் இடம், சுவர் வெடித்த காம்பரா, இருட்டில் வழுக்கும் படிக்கட்டு என்று குறிக்கும்போது பதில்கள் பேரோடு வருகின்றன. 2025 நவம்பர் இறுதியில் தித்வா புயலோடு வந்த மண்சரிவுகளுக்குப் பிறகு மலையகத்தில் இதைவிட அவசரமான செயலமர்வு வேறில்லை.

இனி, கற்பது எப்படி? புத்தகம் கொஞ்சம் உதவும். பழகியவர் ஒருவரோடு துணையாக நாலு கூட்டம் போவது அதைவிட உதவும்: முதலில் பதிவெடுப்பவராக, பிறகு ஒரு சிறு குழுவைப் பார்ப்பவராக, அதன் பிறகு அரை மணி நேரத்துக்கு முழு வட்டத்தையும் கையில் எடுப்பவராக. தொடக்கத்தில் இருபது பேரைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டால் நல்லது. நாற்பது பேர் வந்துவிட்டால் திருப்பி அனுப்பவும் முடியாது. அதனால்தான் இருவராகப் போவது.

கூட்டம் முடிந்த பிறகு நடப்பதுதான் பெரிய பள்ளிக்கூடம். 1946ஆம் ஆண்டு கோடையில் அமெரிக்காவின் கனெக்டிகட்டில் உளவியலாளர் கர்ட் லெவின் ஒரு பயிற்சி முகாம் நடத்தினார். பகலில் குழுக்கள் பேசும்; இரவில் ஆய்வாளர்கள் தனியே கூடி, யார் எப்படி நடந்துகொண்டார் என்று குறிப்புகளை ஒப்பிடுவார்கள். பங்கேற்பாளர் சிலர் தாங்களும் வந்து கேட்கலாமா என்றார்கள். லெவின் அனுமதித்தார். தன்னைப் பற்றிய குறிப்பைக் கேட்ட ஒரு பெண், நடந்தது அப்படியல்ல என்று மறுத்துப் பேசினார். அந்த விவாதத்திலிருந்து அவர்கள் கற்றது பகல் முழுவதும் கற்றதைவிட அதிகமாக இருந்தது. அடுத்தடுத்த இரவுகளில் ஏறக்குறைய எல்லோருமே வந்துவிட்டார்கள். குழுப்பயிற்சி என்ற துறையே அந்த இரவுகளிலிருந்து கிளைத்தது.

இதற்குக் கனெக்டிகட் தேவையில்லை. செயலமர்வு முடிந்ததும் வந்தவர்களில் இரண்டு பேரை, முடிந்தால் பின்சுவரோடு நின்றவர்களில் ஒருத்தியையும் சேர்த்து, இன்னொரு கோப்பைத் தேத்தண்ணிக்கு நிறுத்திவைத்துக் கேட்கலாம்: எந்த நேரத்தில் உங்களுக்கு அலுத்தது? என்ன சொல்ல நினைத்துச் சொல்லாமல் விட்டீர்கள்? முதல் தடவை, "எல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு பாப்பா" என்றுதான் பதில் வரும். இரண்டாம் மாதமோ மூன்றாம் மாதமோ யாராவது ஒருத்தி, "நீ ரொம்பப் பேசுற" என்பாள். அதைக் குறிப்பேட்டில் திகதியிட்டு எழுதிக்கொண்டு, அடுத்த கூட்டத்துக்கு அவளையே நேரம் பார்ப்பவளாகப் போடலாம்.